தொண்ணூற்று நான்கு மதிப்பெண் தூக்கம்

என் மகள் மிளிரை இந்த மாவட்டத்திலேயே மிக நன்றாகத் தூங்கும் குழந்தை என்று தேர்ந்தெடுத்து விருது அறிவித்தார்கள். அந்தத் தூக்கம் முழுக்க என்னுடையது.

நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுக்கச் சொல்லி விசாரணை அதிகாரி பத்துத் தாள் கொடுத்திருக்கிறார். ‘வருந்துகிறேன்’ என்று எங்காவது ஒரு வரி இருந்தால் எனக்கு நல்லது என்றும் காதோடு சொல்லிவிட்டுப் போனார். பாவம், நல்ல மனுஷர். அந்த வரியைத் தேடி அவர் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இதில் அது இல்லை.

என் பெயர் மௌனிகா. பெயருக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒன்று கேட்டால் ஒன்பது திருப்பிக் கொடுப்பேன். கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப் பட்டறையில் வைண்டிங் செய்கிறேன், அதாவது மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றி இறக்கும் வேலை. புது மோட்டாருக்கெல்லாம் இப்போது இயந்திரமே சுற்றிவிடுகிறது. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துக் கட்டுவதற்கு இன்னும் எங்கள் கைதான் வேண்டியிருக்கிறது. மிளிரின் அப்பா எங்கே என்று கேட்காதீர்கள். அந்த எரிச்சலுக்குத் தனியாகப் பத்துத் தாள் வேண்டும்.

மிளிருக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. ஆறு வயதில் கவனக்குறைபாடு என்று எழுதிக் கொடுத்தார்கள். பாதிக் குளியலில் சோப்பு நுரையோடு வெளியே வந்து எறும்புக்கு வேர்க்குமா என்று கேட்பாள். நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்விக்குப் போயிருப்பாள். உட்கார் என்றால் உட்காருவாள், கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். அவளுக்குத் தூக்கம் வருவது இரவு பதினொன்றரைக்கு. கதை சொல்லிப் பார்த்தேன், பால் காய்ச்சிக் கொடுத்தேன், விளக்கை அணைத்தேன், அதட்டினேன். பதினொன்றரை என்றால் பதினொன்றரைதான். வந்துவிட்டால், யாரும் எழுப்பாவிட்டால், காலை எட்டு மணி வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள். எட்டரை மணி நேரம். தூக்கத்தில் குறை ஒன்றும் இல்லை, கொஞ்சம் தள்ளி வருகிறது, அவ்வளவுதான்.

அந்தத் தள்ளல் அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் குழந்தைகள் துயில் சட்டம் வந்தது. கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளில் நிறையப் பேருக்கு நேரத்துக்குத் தூக்கம் வருவதில்லை, தூக்கம் கெட்டால் மறுநாள் கவனம் இன்னும் கெடுகிறது, கவனம் கெட்டால் படிப்பு போகிறது என்றார்கள். இதுவரை அவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வைத்தியம்தான் நெற்றிப்பட்டை. எங்கள் பள்ளியில் அதை நான்காம் வகுப்பில்தான் கட்டத் தொடங்குவார்கள்.

ரிப்பன் அகலத்தில் சாம்பல் நிறப் பட்டை. இரவு ஒன்பது மணிக்கு நெற்றியில் கட்டினால் மூளைக்கு மெல்லிய காந்தத் துடிப்பு அனுப்பித் தூங்க வைக்கும். காலை ஆறு மணிக்கு விட்டுவிடும். எந்த மூளைக்கு எவ்வளவு துடிப்பு தேவை என்று நாளாக ஆக அதுவே கற்றுக்கொள்ளும். எவ்வளவு நன்றாகத் தூங்கினார்கள் என்று நூற்றுக்கு மார்க்கும் போடும். காலையில் பள்ளி வாசலில் ஒரு கருவி நிற்கிறது. பட்டையைப் பையோடு அதற்குக் காட்டினால் போதும். எழுபதும் அதற்கு மேலும் என்றால் பச்சை. குறைந்தால் சிவப்பு, அன்றைக்கு வகுப்பு கிடையாது, அமைதி அறையில் உட்கார வேண்டும். ஒரே வருடத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் ஊருக்கு வெளியே இருக்கும் துயில் இல்லத்தில் மூன்று மாதம். அங்கே துடிப்பு பலமாக இருக்கும்.

எதிர் வீட்டு சஞ்சித் அங்கே போய்த் திரும்பி வந்தவன். முன்பெல்லாம் எங்கள் வீட்டு காம்பவுண்டுச் சுவரில்தான் அவன் குடித்தனம். இறங்குடா இறங்குடா என்று என் தொண்டை வற்றும். திரும்பி வந்த பிறகு ஒருநாள் ஏதோ கொடுக்க வந்தான். “வணக்கம் ஆன்ட்டி” என்றான். டப்பாவைக் கொடுத்தான். அப்புறம் அப்படியே நின்றான். நான் “போடா கண்ணு” என்று சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தான். அவன் அம்மா எல்லோரிடமும், “இப்ப ரொம்ப சமத்துங்க” என்று சொல்லிக்கொள்கிறாள். சொல்லும்போது யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

மிளிருக்குப் பட்டை கட்டிய முதல் மூன்று வாரத்தில் இரண்டு சிவப்பு விழுந்தது. அறுபத்திரண்டு ஒருநாள், ஐம்பத்தெட்டு ஒருநாள். அவள் மூளை முரண்டு பிடித்தது, பட்டை விடாமல் தள்ளியது. ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தது போல் சாய்ந்துவிடுவாள். காலையில் தலைவலியோடு எழுவாள். தட்டில் இட்லி வைத்தால் இட்லியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். இரண்டு சிவப்பை விடப் பெரிய பயம் வேறு ஒன்று. அந்த மூன்று வாரத்தில் அவள் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எங்கள் வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததே கிடையாது. சமையல்கட்டில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அன்று சாயங்காலமே பட்டையைப் பிரித்தேன். உள்ளே முடியைவிட மெல்லிய கம்பியில் நேர்த்தியான சுற்று. சுற்றியது யாரோ, நல்ல வேலைக்காரர், அதில் குறை சொல்ல மாட்டேன். பின்பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதில் ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்தினால் பட்டை பதிந்த பேரை மட்டும் வைத்துக்கொண்டு பழைய ஆளை மறந்துவிட்டுப் புதிதாகக் கற்கத் தொடங்கும் என்று அதனோடு வந்த சின்னப் புத்தகத்திலேயே போட்டிருந்தது. அழுத்தினேன். திரும்ப மூடி என் நெற்றியில் கட்டிக்கொண்டேன்.

முதல் நாள் தொண்ணூறு. ஒரு வாரத்தில் தொண்ணூற்று நான்கு. காலை ஏழு மணிக்குப் பட்டறைக்குள் போய் மாலை ஆறு மணி வரை குனிந்தே இருக்கிற முப்பத்தாறு வயதுப் பொம்பளையைத் தூங்க வைக்க என்ன பெரிய விஞ்ஞானம் வேண்டும்? வாசலில் பச்சை விழுந்தது. அடுத்த வாரமே மிளிர், “ஏம்மா, பச்சைன்னா போலாம்னு யாரு முதல்ல சொன்னது?” என்று கேட்டாள். எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். ஒன்பது வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்தால் இடுப்பு என்ன ஆகும் என்று கேட்காதீர்கள்.

இப்படி ஏழு மாதம். நான் ஒன்பது மணிக்குச் சமர்த்தாகப் படுத்துவிடுவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வரைவாள், எதையாவது கழற்றுவாள், மாட்டுவாள், பதினொன்றரைக்குத் தானாகத் தூங்குவாள். பள்ளி நாளில் நான் பட்டறைக்குக் கிளம்பும் முன் அவளைப் பாதித் தூக்கத்தில் எழுப்பிவிடுவேன். இந்த ஏற்பாட்டில் ஒரு தப்பு இருந்தது. அதை நான் ஒளிக்கப் போவதில்லை.

ஒருநாள் காலை ஆறு மணிக்குக் கண் விழித்தபோது அவள் இடது கை விரலில் பட்டறையில் கம்பியைக் கட்ட நாங்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பருத்தி நாடா சுற்றியிருந்தது. தலையணை உறையில் ரத்தம். எழுப்பிக் கேட்டேன்.

“பென்சில் சீவறப்போ பிளேடு பட்டுருச்சும்மா.”

“என்னைக் கூப்பிடக் கூடாதா சாமி?”

“கூப்பிட்டேன்மா. ரொம்ப நேரம் கூப்பிட்டேன். கன்னத்துல அடிச்சுக்கூடப் பாத்தேன். நீ எந்திரிக்கலே. அப்புறம் நீ மோட்டாருக்குச் சுத்துவியே, அதே மாதிரி நானே சுத்திட்டேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. நாடாவைச் சரியாகச் சுற்றியிருக்கிறாளா என்று நான் பார்க்க வேண்டும் என்பதுதான் அவள் கவலை. ஒன்பது வயதுப் பிள்ளை ரத்தத்தோடு கூப்பிட்டும் தாய் எழவில்லை என்றால் அது தூக்கமே இல்லை. அந்த மூன்று வாரம் இதே இருட்டுக்குள்தான் என் பிள்ளையைத் தள்ளிக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்குப் பிறகும் பட்டையைக் கட்டிக்கொண்டேன். வீட்டில் பிளேடு, கத்தி, தீப்பெட்டி எல்லாவற்றையும் பூட்டிவிட்டுக் கட்டிக்கொண்டேன். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவு தட்டினார்கள். திறந்தால் டாக்டர் சபரிநாதன். மாவட்டத் துயில் அலுவலர், இந்தத் திட்டத்தையே இங்கே கொண்டு வந்தவர். ஐம்பது வயதிருக்கும். அதிர்ந்து பேச மாட்டார். தன் மகனையும் எங்கள் அரசுப் பள்ளியிலேயே படிக்க வைக்கிறார் என்று ஊரில் அவருக்கு நல்ல பெயர்.

“முன்னாடியே சொல்லாம வந்துட்டேன், மன்னிக்கணும். உங்க வீட்ல ஆறு மணிக்கே எந்திரிச்சிருப்பீங்களே, அந்த தைரியம்தான்” என்றார்.

உள்ளே மிளிர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

“புள்ள குளிச்சிட்டிருக்குதுங்க. உக்காருங்க, டீ போடறேன்” என்றேன். சமையல்கட்டுக்குப் போகிற வழியில் அவள் காலைப் பிடித்து இழுத்து எழுப்பினேன். டீ கொதிப்பதற்குள் மூன்று தடவை இழுக்க வேண்டியிருந்தது.

டாக்டர் டீயை வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். மிளிருக்கு விருது. ஏழு மாதம் ஒருநாள்கூடத் தொண்ணூறுக்குக் கீழே போகாத ஒரே குழந்தை அவள்தானாம். வருகிற சனிக்கிழமை பள்ளியிலேயே விழா. நான் சிரித்து வைத்தேன். அடுத்து அவர் சொன்னதுதான் சிரிப்பைப் பிடுங்கியது.

“விருது சும்மா ஒரு மரியாதைக்குங்க. முக்கியம் வேற. மிளிரோட பட்டை கண்டுபிடிச்ச துடிப்பு அளவு இருக்கு பாருங்க, அது ரொம்ப பலமான அளவு. அதையே மார்ச் ஒண்ணாந்தேதிலருந்து எல்லாக் குழந்தைக்கும் ஏத்தப் போறோம். பதினோராயிரம் குழந்தைங்க. இனிமே பட்டை தட்டுத் தடுமாறிக் கத்துக்க வேண்டியதில்லை. மொத நாளே தூங்கிரும்.”

“ஒரு மோட்டாருக்குப் போட்ட சுத்து இன்னொண்ணுக்கு ஆகாதுங்களே டாக்டர். ஆளுக்கு ஆள் மாறாதுங்களா?”

“குழந்தைக்குக் குழந்தை பெருசா மாறாதுங்க. பெரியவங்கன்னாதான் மாறும். குழந்தைங்க மூளைல ஆழ்தூக்க அலை ரொம்பப் பெருசு, வயசாக ஆகச் சின்னதாயிரும். பெரியவங்களுக்கு வேண்டிய துடிப்பை எடுத்துக் குழந்தைக்குப் போட்டோம்னா ரெண்டே வாரத்துல மந்தமாயிரும். சில குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். அதனாலதான் குழந்தைங்ககிட்டருந்து மட்டும் அளவு எடுக்கறோம்.”

டம்ளரைக் கீழே வைத்தேன்.

“அந்த அலையெல்லாம் உங்களுக்கு வருதுங்களா? பாத்துத்தான் சொல்றீங்களா?”

“இல்லீங்க. அது ஒவ்வொருத்தரோட அந்தரங்கம். பட்டைக்குள்ளயே அழிஞ்சிரும். எங்களுக்கு மார்க்கும் துடிப்பு அளவும்தான் வரும்.”

“அப்படித் தூங்கறப்போ ஒரு ஆபத்துன்னு எழுப்பினா புள்ள எந்திரிக்குமுங்களா?”

“அந்த ஒம்போது மணி நேரம் எந்திரிக்க வேண்டிய அவசியமே இல்லீங்களே” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மிளிர் வந்து நின்றாள். குளித்த பிள்ளையின் லட்சணம் ஒன்றுகூட இல்லை. தலைமுடி நான்கு திசைக்கும் போயிருந்தது, கன்னத்தில் பாய் அச்சு. டாக்டர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, “ஒம்போது மணிக்கு எப்படிம்மா அவ்வளவு அழகாத் தூங்கறே?” என்று கேட்டார். என் பிள்ளைக்கு மனதில் இருப்பதை வாயில் நிறுத்தி வைக்கத் தெரியாது.

“நான் எங்க அங்கிள் தூங்கறேன்? அம்மாதான் தூங்குவாங்க. நான் முழிச்சிட்டிருப்பேன்.”

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “லொள்ளைப் பாருங்களேன்! என் பையன் நிதர்ஷனும் இப்படித்தாங்க. அவனுக்கும் இதே குறைபாடுதான். ரெண்டு வருஷம் தூங்காம எங்களைப் பாடாப் படுத்தினான். அவனுக்காகத்தான் இந்தத் திட்டத்துலயே இறங்கினேன். இப்ப தொண்ணூத்தொண்ணு வாங்கறான். அவனை மிளிர் முந்திட்டா பாருங்க.”

அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். வாயைத் திறந்தால் மிளிரின் பழைய இரண்டு சிவப்போடு இந்த ஏழு மாதமும் சிவப்பாகிவிடும். அன்றைக்கே வண்டி வந்து அவளைத் துயில் இல்லத்துக்குக் கொண்டு போகும். திறக்காவிட்டால் என் தலைக்குப் போட்ட அளவு பதினோராயிரம் குழந்தைகள் தலைக்குப் போகும். அடுத்தவர் பிள்ளை எப்படிப் போனால் எனக்கென்ன என்று திங்கட்கிழமை முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமையும் சொல்லிப் பார்த்தேன். புதன்கிழமை சஞ்சித் அவன் வீட்டு வாசலில் செருப்பை ஜோடி சேர்த்து வைப்பதைப் பார்த்தேன். ஒரு செருப்பு கொஞ்சம் கோணலாக இருந்தது என்று திரும்ப வந்து நேராக வைத்தான். அதற்கு மேல் அந்தச் சொல் என் வாயில் வரவில்லை.

சனிக்கிழமை பள்ளிக்குப் போனதும் மிளிரின் வகுப்பாசிரியை பெனிட்டா என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார்.

“மௌனிகா, உங்க மூஞ்சியே சரியில்ல. எதையாச்சும் உளறி வச்சிராதீங்க.”

“என்ன மிஸ் உளறப் போறேன்?”

“எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? மொத பீரியடு பூரா மேஜைல தலை வச்சுக்கற புள்ள தொண்ணூத்தி நாலு வாங்குமா? நான் என்ன கண்ணு தெரியாதவளா? ஏழு மாசமா மொத பீரியடு கணக்கை மூணாவது பீரியடுக்கு மாத்தி வச்சிருக்கேன். அப்பத்தான் அவ முழிச்சிருப்பா. சும்மா வாங்கிட்டுப் போயிருங்க. அவளை அனுப்பிட்டு என்னால இருக்க முடியாது.”

அவர் கையை அழுத்திவிட்டு மேடைக்குப் போனேன்.

ஹாலில் இருநூறு பேர் இருப்பார்கள். டாக்டரின் மனைவி ரேணுகா மூன்றாவது வரிசையில் மகனோடு உட்கார்ந்திருந்தார். டாக்டர் கால் மணி நேரம் பேசினார். மிளிருக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார். அவள் உடனே அதைத் திருப்பி அடியில் எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தாள். பிறகு என்னிடம் மைக்கைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இரண்டு வார்த்தையோடு நிறுத்துகிற ஆளா நான்?

“வாசல்ல நிக்கற கருவியைக் கொஞ்சம் மேடைக்கு எடுத்துட்டு வாங்க” என்றேன்.

படம் எடுக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பட்டை பைக்குள் இருந்தால் கருவி மார்க்கை மட்டும் சொல்லும். நெற்றியில் கட்டிக்கொண்டு நின்றால் பட்டை கற்றுக்கொண்ட மூளைதானா என்று பார்த்துப் பேரையும் சொல்லும். வாசலில் அதற்கெல்லாம் யாருக்கு நேரம்? மிளிரின் நெற்றியில் பட்டையைக் கட்டிக் கருவி முன்னால் நிறுத்தினேன்.

“அறிமுகமில்லாத நபர்” என்றது கருவி.

பட்டையை அவிழ்த்து என் நெற்றியில் கட்டினேன்.

“மிளிர், நான்காம் வகுப்பு. நேற்றைய மதிப்பெண் தொண்ணூற்று நான்கு. நல்வாழ்த்துகள்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது.

“ஏழு மாசமா தூங்கினது நான்தானுங்க” என்றேன். “இந்த அளவைப் புள்ளைங்களுக்குப் போட்டறாதீங்க. இது மோட்டார் சுத்தற பொம்பளையோட அளவு. நான் தூங்கறப்போ என் புள்ள ரத்தத்தோட கூப்பிட்டுது, என்னால எந்திரிக்க முடியல. என்னை என்ன வேணா பண்ணிக்கோங்க. ஆனா இவளுக்குப் பதினொண்ணரைக்குத்தான் தூக்கம் வரும். அது நோயில்ல, அது அவ நேரம். உங்க மணி ஒம்போதுன்னா உங்க மணிய மாத்துங்க. என் புள்ளையை மாத்தாதீங்க.”

டாக்டர் முதல் வேலையாகப் போனை எடுத்து, “மிளிர் அளவை ஏத்தாதீங்க. நிறுத்துங்க, எல்லாத்தையும் நிறுத்துங்க” என்றார். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். இரண்டாவது வேலையாகத் தன் கோப்பைத் திறந்து துயில் இல்லத்துக்கு அனுப்பும் தாளை எடுத்தார். மிளிரின் பெயரை எழுதினார்.

“எனக்கு இதைத் தவிர வழியில்லைங்க. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். இன்னைக்கு உங்களுக்காக வளைச்சா நாளைக்கு யாரையும் கேக்க முடியாது” என்றார்.

நான் மிளிரை என் பின்னால் இழுத்துக்கொண்டேன். “எழுதுங்க. ஆனா அவளைக் கூட்டிட்டுப் போறதுக்கு வண்டி வந்தா முதல்ல என்னை ஏத்திட்டுத்தான் போகணும்” என்றேன். கேட்பதற்குச் சினிமா வசனம் மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் வந்தது.

கூட்டத்தில் சலசலப்பு. ஓர் ஆள் எழுந்து, “அப்ப இந்தப் பட்டையே ஏமாத்து வேலையா டாக்டர்?” என்று கத்தினார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவருக்கு அது தாங்கவில்லை.

“ஒருத்தர் ஏமாத்தினா பட்டையே பொய்யின்னு ஆயிருமா? என் பையன் உங்க முன்னாடிதான் உக்காந்திருக்கான். ரெண்டு வருஷம் தூங்காத பையன். நிதர்ஷன், இங்க வாப்பா. பட்டையை எடுத்துட்டு வா.”

அந்தப் பையன் எழுந்திருக்கவில்லை. டாக்டரே இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். பத்து வயது இருக்கும், ஒல்லி. நெற்றியில் பட்டையைக் கட்டிக் கருவி முன்னால் நிறுத்தினார்.

“அறிமுகமில்லாத நபர்.”

முடியை ஒதுக்கிவிட்டு மறுபடி கட்டினார். அதையேதான் சொன்னது. மூன்றாவது தடவை கட்டப் போனபோது அவர் விரல்கள் முடிச்சில் சிக்கிக்கொண்டன.

“போதும், அவனை விடுங்க” என்று மூன்றாவது வரிசையிலிருந்து ரேணுகா எழுந்தார். மேடைக்கு வந்தார். மகன் நெற்றியிலிருந்து பட்டையை அவிழ்த்துத் தன் நெற்றியில் கட்டிக்கொண்டு நின்றார்.

“நிதர்ஷன், ஐந்தாம் வகுப்பு. நேற்றைய மதிப்பெண் தொண்ணூற்றொன்று. நல்வாழ்த்துகள்.”

உலகத்திலேயே நான் ஒருத்திதான் கெட்டிக்காரி என்று ஏழு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஹாலைப் பார்த்தேன். எத்தனை அம்மாக்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள் என்று எண்ணத் தொடங்கி, பதினேழோடு விட்டுவிட்டேன். ஒரு அப்பாவும் குனிந்திருந்தார்.

“எத்தனை நாளா ரேணு?” என்று டாக்டர் கேட்டார். மைக் அவர் சட்டையில்தான் இருந்தது. எல்லோருக்கும் கேட்டது.

“பத்து மாசமா. நான் அவன் ரூம்லதான் படுத்துக்கறேன்னு உங்களுக்குத் தெரியும். ஏன்னு நீங்க கேக்கலே.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா?” என்றார் ரேணுகா. அழவில்லை. “நீங்க நேர்மையான மனுஷன். விதி எல்லாருக்கும் ஒண்ணுன்னு பெத்த புள்ளைக்கே முதல் கையெழுத்துப் போட்டிருப்பீங்க. ஊரே உங்களை மெச்சியிருக்கும். திருடனைக் கட்டியிருந்தாக்கூட எனக்கு இந்தப் பயம் இருந்திருக்காது.” பிறகு மேஜையிலிருந்த பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தார். “இப்பப் போடுங்க. இன்னொரு தாள் எடுத்து நம்ம பையன் பேரையும் எழுதுங்க. ரெண்டு புள்ளையையும் ஒரே வண்டில ஏத்துங்க.”

டாக்டர் பேனாவோடு நின்றார். தாளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மெதுவாக அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“நீ எத்தனை மணிக்குப்பா தூங்குவே?”

நிதர்ஷன் உண்மையைச் சொல்லலாமா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தான். ரேணுகா தலையை அசைத்த பிறகுதான், “பன்னெண்டுப்பா” என்றான்.

டாக்டர் எழுந்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மிளிரின் பெயர் எழுதிய தாளை என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.